செயின்ட் ஹெலினா மேல பழி போடாதீங்க

கேள்வி: செயின்ட் ஹெலினான்னு ஒரு தீவுல மொத்தமே 4,500 பேர் கூட இல்லையாம், அதுக்கு பிரிட்டன் 285 மில்லியன் பவுண்ட் செலவுல ஏர்போர்ட் கட்டி, பத்திரிகைக்காரங்க அதை உலகத்துலயே உருப்படாத ஏர்போர்ட்னு கிழிச்சாங்களாமே? சும்மா உக்காந்து மானியம் வாங்கி சாப்பிடற தீவுக்கு எதுக்கு இவ்ளோ செலவு, பேசாம ஆளுக்கு கொஞ்சம் காசு கொடுத்து லண்டன்லயே குடியேத்தியிருக்கலாமே? (வாசகர் ஒருவர், திருநெல்வேலி)

பதில்: உங்க கணக்கு சரிதாங்க. தலைக்கு வகுத்துப் பாத்தா 60 ஆயிரம் பவுண்டுக்கு மேல வருது, யாருக்கா இருந்தாலும் பகீர்னுதான் இருக்கும். ஆனா "சும்மா உக்காந்து மானியம் வாங்கி சாப்பிடற"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த வார்த்தைக்காகத்தான் இந்தக் கேள்வியை எடுத்தேன்.

மேப்பைத் தொறந்து பாருங்க. தென் அட்லாண்டிக் நடுவுல, ஆப்பிரிக்கா கரையில இருந்து கிட்டத்தட்ட 1,900 கிலோமீட்டர் தள்ளி, 122 சதுர கிலோமீட்டர்ல, பிரிட்டன் ஆளுகையில இருக்கற ஒரு எரிமலைப் பாறை. அங்க ஜனங்க தானா போய் உக்காரல. 1659ல கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டை கட்டி ஆளைக் கொண்டுபோய் வச்சது, நம்ம பக்கம் மெட்ராஸ்லயும் மத்த துறைமுகத்துலயும் சரக்கு ஏத்திட்டுத் திரும்பற கப்பலுக்கு நடுவழியில தண்ணியும் காய்கறியும் வேணும்னு. வேலைக்கு அடிமைகளையும் இறக்குனாங்க. இப்ப இருக்கறவங்க இந்த ரெண்டு கூட்டத்தோட வம்சமும் கலந்தவங்க.

1869ல சூயஸ் கால்வாய் தொறந்தாங்க, கப்பல் வரத்து படுத்துருச்சு. அப்புறம் மலைச்சரிவு முழுக்க நியூசிலாந்து ஃப்ளாக்ஸ்ங்கற நார்ச்செடியை நட்டு நார் எடுத்து கயிறு, தபால் பைன்னு ஓட்டிக்கிட்டு இருந்தாங்க, அதையும் 60கள் நடுவுல பிரிட்டிஷ் போஸ்ட் ஆபீஸ் செயற்கை நாருக்கு மாறி முடிச்சு வச்சுது, 1966ல கடைசி மில்லும் மூடியாச்சு. ஒரே தொழில நம்பியிருந்த ஊருக்கு அந்தத் தொழில் போனா மானியம் இல்லாம எப்படிங்க பட்ஜெட் ஓடும்? இந்த முடிவு எதையும் அந்தத் தீவுல யாரும் எடுக்கல. பிரிட்டிஷ் பார்லிமெண்ட்ல அவங்களுக்கு ஒரு எம்பி கூட கிடையாது, கவர்னர் லண்டன்ல இருந்து வர்றார், தீவுல 12 பேரைத் தேர்ந்தெடுக்கறாங்க, அதுலயும் மந்திரி சபைன்னு ஒண்ணு வந்ததே 2021லதான், ஜூலி தாமஸ்ங்கற அம்மா முதல் சீஃப் மினிஸ்டர்.

"லண்டன்ல குடியேத்தலாமே"ன்னு கேட்டீங்க. குடியேற விட்டாங்களான்னு கேளுங்க. 1981ல கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்துல, பிரிட்டன்ல போய் வாழ்ற உரிமை இவங்களுக்கு இல்லாம போச்சு, திரும்பக் கிடைச்சது 2002ல. அந்த இருபது வருஷமும் பிரிட்டனோட மத்த அட்லாண்டிக் தீவுகளான அசென்ஷனுக்கும் ஃபாக்லாந்துக்கும் கூலி வேலைக்குப் போய் பணம் அனுப்புனாங்க. கதவு தொறந்ததும் வயசுப் பசங்க கெளம்பிட்டாங்க, 5,000 பேருக்கு மேல இருந்த ஊரு ஆறேழு வருஷத்துல நாலாயிரத்து சொச்சம் ஆயிருச்சு. மிச்சம் இருக்கறதுல வயசானவங்க நிறைய. அவங்களையும் வேரோட பிடுங்கணும்னு சொல்றது எனக்கு ஒப்பல.

இப்ப ஏர்போர்ட்டுக்கு வர்றேன். அது வர்றதுக்கு முன்னாடி வெளிய போகணும்னா ஆர்எம்எஸ் செயின்ட் ஹெலினான்னு ஒரே ஒரு கப்பல், சுமார் மூணு வாரத்துக்கு ஒரு தடவை, கேப் டவுன் போய்ச் சேர அஞ்சு நாள். கப்பல் கரையோட ஒட்டி நிக்க வசதி இல்ல, கடல்லயே நங்கூரம் போட்டு நிக்கும், சின்னப் படகுல வந்து தலைநகர் ஜேம்ஸ்டவுன் படிக்கட்டுல அலை தூக்கற நேரம் பாத்து மேல தொங்கற கயித்தைப் பிடிச்சு ஏறணும், கிழவியா இருந்தாலும் கைக்குழந்தைக்காரியா இருந்தாலும் அதான் வழி. நெஞ்சுவலின்னு ஒருத்தர் படுத்தா, தீவு ஆஸ்பத்திரியால முடியலன்னா, அடுத்த கப்பல் எப்போன்னு காலண்டரைப் பாக்கணும். நமக்கு ஆம்புலன்ஸ் பத்து நிமிஷம் லேட்டானா தாங்கல. அதனால ஏர்போர்ட் தேவையான்னு எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல.

தப்பு எங்கன்னா, கட்டுன விதத்துல. 2011ல தென்னாப்பிரிக்க கம்பெனி பேசில் ரீடோட ஒப்பந்தம் போட்டு, ஒரு பள்ளத்தாக்கையே பாறை கொட்டி மேடாக்கி, செங்குத்தான மலைவிளிம்புல ரன்வே போட்டாங்க. 2016 மே மாசம் திறப்பு விழான்னு நாள் குறிச்சிட்டு, ஏப்ரல்லதான் ஒரு போயிங் 737-ஐ எறக்கிப் பாக்கறாங்க! அப்பதான் காத்து திடீர்னு திசையும் வேகமும் மாறி விமானத்தை அலைக்கழிக்குதுன்னு வெளிச்சத்துக்கு வருது. 1836ல அங்க வந்த டார்வின், ஒரு பெரிய மலைவிளிம்புல தான் நின்ன இடத்துல காத்தே இல்ல, சில கஜம் தள்ளி பறவைங்க பலத்த காத்தை எதிர்த்துத் திணறுதுன்னு எழுதி வச்சிருக்கார். 180 வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் வெறுங்கண்ணால பாத்ததை, இவ்ளோ காசு போட்டவங்க முன்னாடியே சோதிச்சுப் பாக்கலங்கறதை என்னால மன்னிக்க முடியல. பிரிட்டிஷ் பார்லிமெண்ட் கணக்குக் குழுவே 2016 டிசம்பர்ல இதைக் கடுமையா கண்டிச்சுது.

அப்புறம் 2017 அக்டோபர்ல ஏர்லிங்க் கம்பெனி சின்ன எம்ப்ரேயர் விமானத்தை ஓட்ட ஆரம்பிச்சுது. ஆரம்பத்துல வாரம் ஒண்ணு, 76 பேருக்கு மேல ஏத்தல, வருஷத்துக்குப் பாத்தா 4,000 சீட் கூட தேறாது, அதுலயும் ஊருக்கு வந்துபோற தீவுக்காரங்க இருக்காங்க. ஆனா 2042க்குள்ள வருஷத்துக்கு 29 ஆயிரம் டூரிஸ்ட் வருவாங்கன்னு கணக்கு போட்டுத்தான் திட்டத்துக்கே ஓகே வாங்குனாங்க. இந்தக் கணக்கைத்தாங்க நீங்க கேள்வி கேட்டிருக்கணும், ஜனங்களை இல்ல.

உருப்படாததுன்னு சொன்ன அதே ரன்வேல, டிக்கெட் விமானம் வர்றதுக்கு முன்னாடியே 2016ல நோயாளியைக் கூட்டிட்டுப் போக விமானம் எறங்குச்சு. 2017ல அசென்ஷன் ரன்வே பழுதாகி பெரிய விமானம் எறங்க முடியாமப் போனப்ப, அந்தத் தீவுக்கும் இங்க இருந்துதான் மாசம் ஒரு விமானம் போச்சு.

வருமானத்துக்குன்னு பாத்தா, டூரிஸ்ட்டை விட கடலடி இன்டர்நெட் கேபிளைத்தான் முதல்ல கொண்டுவந்திருக்கணும்ங்கறது என் கருத்து. மொபைல் போனே 2015லதான் வந்துது, கேபிள் வர்ற வரைக்கும் இன்டர்நெட் மொத்தமும் சாட்டிலைட்லதான், விலையும் ஜாஸ்தி வேகமும் கம்மி. கூகுளோட ஈக்வியானோ கேபிள்ல இருந்து ஒரு கிளை, அதுக்கும் ஐரோப்பிய யூனியன் காசு, 2023 அக்டோபர்ல ஓட ஆரம்பிச்சுது. வெளியூர் கம்பெனி வேலையை ஊர்லயே உக்காந்து பாக்க ஒரு வழி இப்பதான் கெடச்சிருக்கு, 2002ல கெளம்பிப் போன பசங்களுக்கு அது ரொம்ப லேட்டுங்க.