பிளீச் போட்டும் மஞ்சளாகும் பள்ளிக்கூடச் சட்டை

களுவாஞ்சிக்குடியில் இருந்து கேட்ட தங்கச்சிக்கு: கிணற்றுத் தண்ணியில் துவைத்து, பிளீச் போட்ட பிறகுதான் வெள்ளைச் சட்டை மஞ்சளானது என்றால், அது பெரும்பாலும் அழுக்கில்லை, துரு. கிணற்றுத் தண்ணியில் கரைந்திருக்கும் இரும்பைக் குளோரின் துருவாக்கித் துணியில் படிய வைக்கும். இன்னும் பிளீச் விட்டால் இன்னும் மஞ்சளாகும்.

முதலில் பல தண்ணியில் அலசி, பிளீச் மணம் முழுதாகப் போக வேண்டும். பிளீச்சும் அமிலமும் சேர்ந்தால் நச்சு வாயு வரும், கவனம்! பிறகு 5 லீற்றர் சுடுதண்ணியில் 3 மேசைக்கரண்டி சித்திரிக் அமிலம் கரைத்து ஒரு மணித்தியாலம் ஊறவிடுங்கள். தேசிக்காய்ப் புளிக்கு அவ்வளவு வலு இல்லை. கடைசி அலசலுக்குக் குழாய்த் தண்ணி நல்லம்.

மாரியில் வரும் ஈர மணத்துக்கு அந்த அலசலில் அரைக் கோப்பை வெள்ளை வினாகிரி. அதோடு அப்பச்சோடா சேர்க்காதீர்கள், ஒன்றையொன்று முறித்துவிடும். சொஃப்ட்னரும் வேண்டாம்; படலமாகப் படிந்து மணத்தைப் பிடித்துவைக்கும்.