அணைக்கரையார் பதில்கள்: படுத்துக்கொண்டு விழும் அருவி

ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலையில் இருக்கும் கிம்பர்லி கடற்கரையை நானும் என் மனைவியும் குட்டி விமானத்திலும் சின்னக் கப்பலிலும் சுற்றிவந்ததைப் பற்றியும், அங்கே பக்கவாட்டில் விழும் அருவியைப் பார்த்ததைப் பற்றியும் போன இதழில் நாலு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களுக்குத்தான் இந்த இதழ் முழுக்கப் பதில். செலவு எவ்வளவு என்று கேட்காதவர்களே குறைவு. நம் பக்கத்துக் கணக்கில் ஏறக்குறைய மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நஞ்சை. விற்கவில்லை, பயப்படாதீர்கள், பெர்த்தில் இருக்கும் மகன் பாதிக்கு மேல் போட்டான்.

அருவி என்றால் மேலேயிருந்து கீழே விழும். பக்கவாட்டில் எப்படி சார் விழும்? (திருவையாறு வாசகர்)

நானும் கேட்டபோது நம்பவில்லை. ஆனால் பொதுப்பணித்துறையில் முப்பது வருஷம் மதகு பார்த்தவனுக்கு, நேரில் பார்த்த ஐந்தாவது நிமிஷத்தில் புரிந்துவிட்டது. ரெகுலேட்டரில் ஷட்டரை ஒரு அடி மட்டும் தூக்கிப் பாருங்கள், மேல்பக்கம் தண்ணீர் தேங்கி நிற்கும், கீழ்பக்கம் மட்டம் இறங்கியிருக்கும், நடுவில் அந்த இடுக்கு வழியே சீறிக்கொண்டு வரும். டால்பட் விரிகுடாவில் நடப்பதும் இதுதான், ஷட்டருக்குப் பதில் மலை. மக்லார்ட்டி என்கிற குன்றுத்தொடரில் அடுத்தடுத்து இரண்டு இடைவெளிகள் இருக்கின்றன, ஒன்று சுமார் இருபது மீட்டர் அகலம், இன்னொன்று அதில் பாதிதான். வெளியே கடல் ஏறுகிற வேகத்துக்கு உள்ளே இருக்கிற குடாவுக்குள் தண்ணீர் போய்ச் சேர முடியாது, இரண்டு பக்கத்துக்கும் நாலு மீட்டர் வரை மட்ட வித்தியாசம் வந்துவிடுகிறது, அப்போது தண்ணீர் படுத்துக்கொண்டே அருவியாகப் பாய்கிறது. வற்றம் ஆரம்பித்தால் அதே அருவி திரும்பி எதிர்ப்பக்கம் ஓடும்!

நம் நாகப்பட்டினத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டரைத் தாண்டாது. கிம்பர்லியில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிச் சில இடங்களில் பதினொரு மீட்டருக்கு மேல், அதாவது மூன்று மாடி வீடு முழுகி எழுந்திருக்கிற அளவு. அதனால் கப்பலில் மறுநாள் காலைச் சாப்பாடு ஆறு மணிக்கா எட்டு மணிக்கா என்பதைக்கூட ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்துத்தான் முந்தின ராத்திரி எழுதிப் போடுவார்கள். சிலர் முணுமுணுத்தார்கள். முறை வைத்துத் தண்ணீர் விடுகிற ஊரிலிருந்து போன எங்களுக்கு அது பழக்கம்தான்.

மாண்ட்கோமரி ரீஃப் என்று ஒன்று, சுமார் 400 சதுர கிலோமீட்டர் பவளத்திட்டு. போய்ச் சேர்ந்தபோது வெறும் கடல்தான் தெரிந்தது. ரப்பர் படகில் உட்கார்ந்து காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் கடலுக்கு நடுவே கறுப்பாக ஒரு வரப்பு தெரிந்தது, அப்புறம் அது உயர்ந்துகொண்டே போய், வரப்பு உடைந்த வயலில் தண்ணீர் வடிகிற மாதிரி நாலாபக்கமும் நூற்றுக்கணக்கான சின்னச்சின்ன அருவிகள். திட்டு எழும்பவில்லை, கடல்தான் இறங்குகிறது. கண் அதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறது.

கப்பலில் சைவச் சாப்பாடு கிடைத்ததா? (கும்பகோணம் வாசகி)

முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் கிடைக்கும். மொத்தமே முப்பது பேர் போகிற கப்பல், சமையல்காரர் முகம் பார்த்துப் பேசலாம். நாங்கள் போனது ஆடி மாதம், பதினெட்டாம் பெருக்கு நடுக்கடலில் வந்தது. என் மனைவி சமையலறைக்குப் போய்ச் சோறும் எலுமிச்சம்பழமும் கேட்டு வாங்கி, கையோடு கொண்டுபோன பெருங்காயம் போட்டுக் கலந்துவிட்டாள், கடுகுதான் இல்லை. ஊரிலிருந்து காதோலை கருகமணியும் எடுத்து வந்திருந்தாள். கடலில் எதையும் போடக் கூடாது என்று மாலுமி சொல்லிவிட்டதால் அது பத்திரமாகத் திரும்பி வந்து கொள்ளிடத்தில்தான் போனது.

இன்னொன்று. ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது தருகிற படிவத்தில், கொண்டுபோகிற தின்பண்டம் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதிவிடுங்கள். பொடி வகையை விட்டுவிட்டார்கள், மணத்தக்காளி வத்தலில் விதை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். எழுதியிருந்ததால் அபராதம் இல்லை, வருத்தம் மட்டும்தான்.

சின்ன விமானம் என்றால் பயமாக இல்லையா? (மன்னார்குடி வாசகர்)

திருச்சியிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து பெர்த், பெர்த்திலிருந்து ப்ரூம், இதுவரை எல்லாம் நமக்குத் தெரிந்த விமானம். ப்ரூமிலிருந்துதான் கடல் விமானம். பத்துப் பன்னிரண்டு பேர் உட்காரலாம், ஒற்றை இன்ஜின், அடியில் மிதவை. பயம் பறக்கும்போது இல்லை, ஏறுவதற்கு முன்னால்தான், ஏனென்றால் பெட்டியை மட்டும் இல்லாமல் ஆளையும் நிறுத்து எடை பார்த்து, யார் எங்கே உட்கார வேண்டும் என்று விமானி முடிவு செய்கிறார். நாற்பது வருஷத்தில் என்னிடம் சொல்லாத எண்ணை என் மனைவி ஒரு வெள்ளைக்காரப் பையன் முன்னால் காட்ட வேண்டியிருந்தது. அவன் மரியாதையாகத் தாளைக் கையால் மறைத்து எழுதினான், எனக்கு இன்றுவரை தெரியாது. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி வேண்டாம், துணிப்பைதான் ஏற்றுவார்கள்.

குளிக்கலாமா? (சீர்காழி இளைஞர்)

கூடாது. உப்புநீர் முதலை. நம் அணைக்கரைப் பக்கம் கொள்ளிடத்தில் வெயில் காய்கிறதே, அது வேறு ஜாதி, இதற்குச் சின்னப் பிள்ளை. அங்கே ஆறு மீட்டர்வரை வளரும். தண்ணீர் பச்சைக் கண்ணாடி மாதிரி கூப்பிடும். போகாதீர்கள்.

என் பாட்டனார் 'ரஜூலா'வில் பினாங்கு போனவர். எங்களால் ஆஸ்திரேலியா முடியாது, பக்கத்தில் ஏதாவது சொல்லுங்கள். (நாகூர் வாசகர்)

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் பெரியப்பா ஞாபகம் வந்துவிட்டது. 'ரஜூலா' 1926-இல் கட்டின கப்பல், நாகையில் கரைக்கு வராது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், படகில் கொண்டுபோய் ஏற்றுவார்கள். டிரங்குப் பெட்டியோடு ஆடுகிற படகிலிருந்து ஏணியைப் பிடித்ததை அவர் சாகும்வரை சொன்னார். கிம்பர்லியில் ரப்பர் படகிலிருந்து கப்பல் படிக்கு ஏறும்போது விரலைப் பிடிக்காமல் முன்னங்கையைப் பிடி என்று சொல்லிக் கொடுத்தார்கள். பெரியப்பா 'மணிக்கட்டுக்கு மேலே பிடிக்கணும்டா' என்று எப்போதோ சொன்னதுதான்.

பக்கத்தில் என்றால் யாழ்ப்பாணம். நாகையிலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' மறுபடி ஓட ஆரம்பித்தது, ஏறக்குறைய நாலு மணி நேரப் பயணம். திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு 2025 மார்ச்சில் விமானமும் வந்தது. போகும்போது விமானம், வரும்போது கப்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவக்காற்றில் கப்பலை நிறுத்திவிடுவார்கள், கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். பாஸ்போர்ட் கட்டாயம்.

பழைய சின்னங்கள் உண்டா? (தரங்கம்பாடி வாசகர்)

1620-இல் கட்டின டேனிஷ் கோட்டை வாசலில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறீர்கள். கிம்பர்லியில் ஒரு மரம்தான் காட்டினார்கள். போவாப் மரம், வயிறு பெருத்தது. 1820-இல், அந்தக் கடற்கரையை அளக்க வந்த பிலிப் பார்க்கர் கிங் என்கிற கடற்படை அதிகாரி கப்பலைக் கரையேற்றிப் பழுது பார்த்தபோது கப்பல் பெயரையும் வருஷத்தையும் அடிமரத்தில் செதுக்கியிருக்கிறார்கள், மரம் பெருக்கப் பெருக்க எழுத்தும் பெருத்துவிட்டது.

அந்தப் பக்கம் விவசாயம் உண்டா? (திருத்துறைப்பூண்டி விவசாயி)

கடற்கரையில் ஒன்றும் கிடையாது, சிவப்புப் பாறைதான். ஆனால் பயணம் முடிகிற விண்டமிலிருந்து உள்ளே போனால் கனனுரா, ஆர்ட் ஆற்றுப் பாசனம். 1970-களின் தொடக்கத்தில் கட்டின அணை, ஆர்கைல் ஏரி. கொள்ளளவைக் கேட்டு நம் டி.எம்.சி.க்கு மாற்றிப் பார்த்தேன், சுமார் 380 வருகிறது. மேட்டூர் 93 சொச்சம். நாலு மேட்டூர்! அவ்வளவு தண்ணீர் இருந்தும் பருத்தி போட்டுப் பூச்சி தாங்காமல் 1974-இல் கைவிட்டார்கள். கடைமடையில், மேட்டூர் திறக்கிற ஜூன் 12 எப்போது வரும், வாய்க்காலில் தண்ணீர் எப்போது வரும் என்று உட்கார்ந்திருக்கிற உங்களிடம் இதைச் சொல்லவே சங்கடமாக இருக்கிறது. கரையில் ரொம்ப நேரம் நின்றேன், டிரைவர் ஹாரன் அடித்த பிறகுதான் வந்தேன்.

கோயில் ஏதாவது பார்த்தீர்களா? (மயிலாடுதுறை வாசகி)

கோயில் என்று சொல்ல மாட்டார்கள், ஆனால் ராஃப்ட் பாயின்ட்டில் பாறைக் குடையில் பார்த்ததை நான் அப்படித்தான் சொல்வேன். அந்தப் பகுதி டம்பிமங்காரி என்கிற பழங்குடி மக்களுடையது. வாண்ட்ஜினா என்கிற மழைத் தெய்வங்களை வெள்ளைப் பூச்சின் மேல் வரைந்திருக்கிறார்கள். பெரிய கறுத்த கண், மூக்கு, தலையைச் சுற்றிக் கதிர். வாய் மட்டும் கிடையாது. வாய் வரைந்தால் மழை நிற்காமல் பெய்துவிடும் என்று வழிகாட்டி சொன்னார்.

என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள். இறங்கி வரும்போது மெதுவாகச் சொன்னாள்: "தை மாசம் அறுப்புக்கு நிக்கிற சம்பா மேல பெய்யுதே, நம்ம ஊரு சாமிக்கு எவனோ வாய் வரைஞ்சு வச்சுட்டான் போல."