கேளுங்க சொல்றோம்: பறவையும் வேணும், படகும் வேணும்!

கேள்வி: அரையாண்டு லீவுக்கு மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகளோட பெங்களூர்ல இருந்து வர்றாக. அங்கன ஒரு சின்ன மிருகப் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போனாகளாம், உசரத்துல இருந்து தண்ணிக்குள்ள சறுக்கி விழுற படகு வேற இருந்துச்சாம், அதே மாதிரி இங்கயும் வேணும்னு பிள்ளைக ஒத்தக்கால்ல நிக்குதுக. ஒரே நாள்ல போயிட்டு வர்ற மாதிரி எதாவது இருக்கா?
- வாசகி, கண்டனூர்

பதில்: ரெண்டும் ஒரே காம்பவுண்டுக்குள்ள வேணும்னா நம்ம காரைக்குடி பக்கம் இல்ல ஆச்சி, ஆனா பறவை ஒரு பக்கம், படகு ஒரு பக்கம்னு தனித்தனியா இருக்கு. முதல்ல வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். பிள்ளையார்பட்டில கும்பிட்டுட்டு திருப்பத்தூர் தாண்டி மதுரை ரோட்டுல போனா கொள்ளுக்குடிப்பட்டி கண்மாய் வந்துரும், அதுதான் அந்த சரணாலயம், 1977-லயே அறிவிச்ச இடம், மொத்தமே 38 ஹெக்டேர் சொச்சம்தான். கூண்டு, ஊஞ்சல், ஐஸ்கிரீம் கடைன்னு எதிர்பார்த்துப் போனா பிள்ளைக மூஞ்சியத் தூக்கிக்கும், அத கார்லயே சொல்லிருங்க. கரையில நின்னு கருவேல மரத்தப் பாத்தா போதும், கிளைக்கு கிளை நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், சாம்பல் நாரைன்னு அடைஞ்சு கெடக்கும். நத்தைகுத்தி வாய மூடுனாலும் அலகு நடுவுல ஒரு சந்து தெரியும் பாருங்க, அத பேரன்கிட்ட காட்டுங்க. பாம்புத்தாரா இன்னும் வேடிக்க, உடம்பு தண்ணிக்குள்ள முங்கி கழுத்து மட்டும் பாம்பு மாதிரி நெளிஞ்சு வரும், இறக்கை நல்லா நனைஞ்சிரும்ங்கறதால மரத்துல ஏறி ரெண்டு கையையும் விரிச்சு காயப் போட்டுக்கிட்டு நிக்கும். பிள்ளைக சிரிச்சிரும்!

இன்னொண்ணு, அந்த ஊர் ஜனங்க பறவை பயந்து ஓடிரும்னு தீபாவளிக்குக்கூட வெடி போடறதில்ல, பல வருஷமா இப்படித்தான், வனத்துறை அவங்களுக்கு இனிப்பு குடுத்து மரியாத பண்ணுது. அந்த ஊருக்குள்ள போயி நம்ம டிரைவர் ஹாரன் அடிச்சா நல்லாவா இருக்கும்?

கேள்வி: அப்ப படகு எங்க? ரெண்டையும் ஒரே நாள்ல முடிச்சிரலாமா?
- அதே வாசகியோட மருமகன் தனியா கேட்டது

பதில்: முடியும்னு சொல்லுவீங்க மாப்ள, ஆனா வேணாம். வேட்டங்குடி மேற்கால, படகு இருக்குற காரங்காடு கிழக்கால, தேவகோட்டை, திருவாடானை, தொண்டி வழியா கடற்கரை ரோட்டுல தெக்க போகணும், ரெண்டையும் சேத்தா நாள் பூரா கார்லயே போயிரும், பின் சீட்டுல யாராச்சும் வாந்தி எடுக்கறதுதான் மிச்சம். காரங்காடு ராமநாதபுரம் மாவட்டம், அங்க கடலோர உப்புச் சேத்துல வளர்ற அலையாத்திக் காட்டுக்குள்ள வனத்துறை படகுல கூட்டிட்டுப் போறாங்க, துடுப்பு போட்டு நாமளே ஓட்டுற கயாக்கும் உண்டு. சறுக்கி விழுற த்ரில் எல்லாம் இல்ல. ஆனா சேத்துல இருந்து வேர் விரல் விரலா மேல நீட்டிக்கிட்டு நிக்கும், மரம் அதுலதான் மூச்சு விடுது, உப்புச் சேத்துக்குள்ள காத்து கெடைக்காதுல்ல. லைஃப் ஜாக்கெட்ட பிள்ளைகளுக்கு மட்டும் மாட்டிட்டு நீங்க செல்ஃபி எடுக்காதீங்க, எல்லாரும் மாட்டணும். காத்து பலமா இருந்தா படகு ஓடாது, அதனால கெளம்புறதுக்கு முந்தி போன்ல கேட்டுக்கங்க, காலைலயே போயிருங்க, பத்து மணிக்கு மேல வெயில் மண்டையப் பொளக்கும். கட்டுச்சோறு கையோட இருக்கட்டும்.

கேள்வி: மே மாசம் லீவுலயும் பறவை இருக்குமா?
- வாசகர், புதுவயல்

பதில்: இருக்காதுங்க. நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும்தான் சீசன், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழை பேஞ்சு கண்மாய் நெறஞ்சாத்தான். மழை பொய்ச்ச வருஷம்னா திருப்பத்தூர் டீக்கடைல "கொள்ளுக்குடிப்பட்டி கண்மாய்ல தண்ணி கெடக்கா"ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு அப்புறம் வண்டியத் திருப்புங்க.