ஜெயித்தோம், கோட்டை விட்டார்கள்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 41. விருதுநகர் பக்கத்துக்காரன். 2007இல் முதுகலைப் படிப்புக்காக அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலம் ஒன்றுக்கு வந்தேன்; படித்த ஊரிலிருந்து இரண்டு மணி நேரக் கார்ப் பயணத் தொலைவில் மனைவியோடும் பத்து வயது மகனோடும் இப்போது வசிக்கிறேன். இதை ஒரு பிரச்சினை என்று உங்களிடம் கொண்டுவரலாமா, சிரித்துவிட்டு விட்டுவிட வேண்டியதா என்றே தெரியாமல்தான் எழுதுகிறேன்.

நான் படித்த பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அணிக்கு நான் ரசிகன். நம் ஊர்க் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால். வந்த ஆண்டு செப்டம்பரில் அறைத் தோழர் ஒருவர் மாணவர் டிக்கெட்டைக் கையில் திணித்து அழைத்துப் போனார். விதிகள் ஒன்றும் புரியவில்லை. ஆனால் எங்கள் அணி டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்ப்பது) எடுத்தபோது, முகம் முழுக்கச் சாயம் பூசியிருந்த, பெயர்கூடத் தெரியாத ஒரு பையன் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். அந்த நாட்டில் இறங்கி ஆறு வாரங்களில் இன்னொரு மனிதர் என்னைத் தொட்டது அதுதான் முதல் முறை. அன்று தொற்றிக்கொண்டது இன்றுவரை விடவில்லை. ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஸ்டேடியத்துக்குக் குடும்பத்தோடு போவோம். கார் நிறுத்துமிடத்தில் டிக்கியைத் திறந்து வைத்து எல்லோரும் இறைச்சி வாட்டும்போது நாங்கள் சிக்கன் 65 பொரித்துப் பக்கத்துக் கார்க்காரர்களுக்குக் கொடுப்போம்.

இந்த ஆண்டு செப்டம்பரில் நான்கு ஆட்டங்களையும் ஜெயித்தோம். இந்த முறை கோப்பைதான் என்று நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு. போன சனிக்கிழமை, தரவரிசையிலேயே இல்லாத ஓர் அணியிடம், சொந்த மைதானத்தில் கோட்டை விட்டார்கள். முதல் பாதியில் இரண்டு டச்டவுனும் ஒரு ஃபீல்டு கோலுமாக (பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) 17–7 என்று முன்னிலை. மூன்றாவது குவார்ட்டரில் (கால் பகுதியில்) இரண்டு முறை எதிரணியின் 10 யார்டுக் கோட்டுக்குள் போயும் டச்டவுன் எடுக்கத் துப்பில்லாமல், இரண்டு ஃபீல்டு கோலோடு திரும்பினார்கள். கடைசி ஆறு நொடி இருக்கும்போது 24–23 என்று பின்தங்கியிருந்தபடியால், 38 யார்டு தூரத்திலிருந்து ஓர் உதை, மூன்று புள்ளி, வெற்றி. கிக்கர் வலப்புறம் வெளியே அடித்தான். பந்து அவனிடம் கொஞ்சம் தாழ்வாக வந்தது என்று மறுஒளிபரப்பில் பிறகு தெரிந்தது.

நான் ரிமோட்டை வீசினேன். சுவரில் பட்டு பேட்டரி மூடி உடைந்தது. மனைவி ஒன்றும் சொல்லாமல் மாடிக்குப் போய்விட்டார். பிறகு நான் செய்ததுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். அந்தக் கிக்கரின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்குப் போய் ஒரு செய்தி அனுப்பினேன். அதைத் திரும்ப எழுதக் கூசுகிறது. 'ஸ்காலர்ஷிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போ' என்பதுதான் அதிலேயே மென்மையான வரி. அனுப்பிவிட்டுத் திரும்பினால் மகன் பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறான். ஏப்ரலில் நடந்த பயிற்சி ஆட்டத்தின்போது அவனுடைய தொப்பியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது அந்தக் கிக்கர்தான். "அவர் இதைப் படிப்பாரா, அப்பா?" என்று மட்டும் கேட்டான். பத்து நிமிடத்தில் செய்தியை நீக்கிவிட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் ரிமோட்டின் பின்பக்கத்தில் நீல நிற டேப் ஒட்டியிருந்தது. அவன்தான் ஒட்டியிருக்கிறான். தினமும் மாலையில் தோட்டத்தில் பந்தை உதைத்துப் பழகுபவன், சனிக்கிழமையிலிருந்து வெளியே போகவில்லை.

திங்கட்கிழமை அலுவலகத்தில் ஒரு சின்னப் பிழைக்காக இளையவர் ஒருவரிடம் எரிந்து விழுந்தேன். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணி 2024 அக்டோபரில் ஆரிகன் அணியிடம் ஒரே புள்ளியில் தோற்றும் சாம்பியன் ஆகவில்லையா, இப்போது கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றில் 12 அணிகள் உண்டே என்று நண்பர்கள் தேற்றுகிறார்கள். இந்த வீரர்கள் 2021 முதல் விளம்பரத்தில் சம்பாதிக்கிறார்கள், 2025 முதல் பல்கலைக்கழகங்களே பணம் கொடுக்கின்றன, வசவையும் வாங்கத்தானே வேண்டும் என்று ஒரு மனம் வாதாடுகிறது. அன்று நாற்பது டாலர் பந்தயமும் கட்டியிருந்தேன். பெரிய தொகை இல்லை. இந்த ஆட்டத்தையே விட்டுவிட வேண்டுமா? மகனிடம் என்ன சொல்வது? அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்பதா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு வினைச்சொற்களை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். செப்டம்பர் ஆட்டங்களைப் பற்றி 'ஜெயித்தோம்' என்று எழுதியிருக்கிறீர்கள். சனிக்கிழமைக்கு வந்ததும் 'கோட்டை விட்டார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். இடையில் ஒரு வாரம்தான்; அதற்குள் 'ஓம்' போய் 'ஆர்கள்' வந்துவிட்டது. நீங்கள் இதைக் கவனித்திருக்க மாட்டீர்கள், பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1976இல் வெளியிட்ட ஆய்வு இதே கல்லூரி ஃபுட்பாலைப் பற்றியதுதான். ஏழு பல்கலைக்கழகங்களில் திங்கட்கிழமைதோறும் வகுப்புக்கு வரும் மாணவர்களின் உடையைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். சனிக்கிழமை அணி வென்றிருந்தால் பல்கலைக்கழகப் பெயர் போட்ட சட்டைகள் அதிகமாகத் தென்பட்டன. ஆட்டத்தைப் பற்றித் தொலைபேசியில் கேட்டபோது, வென்ற ஆட்டத்துக்கு 'நாங்கள்' என்றும் தோற்ற ஆட்டத்துக்கு 'அவர்கள்' என்றும் சொல்லும் பழக்கமும் தெரிந்தது. ஆங்கிலத்தில் அதற்குத் தனியாக ஒரு சொல் வேண்டும். தமிழில் வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வெற்றியில் சேர்ந்துகொண்டு தோல்வியில் விலகி நிற்பது மனம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி. ஆனால் உங்களைப் போல 18 ஆண்டுகளாக ஓர் அணியைத் தன்னோடு வைத்திருப்பவருக்கு அந்த விலகல் வாய்ச்சொல்லோடு நின்றுவிடும். உள்ளே விலக முடியாது. இண்டியானா பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ரசிகர்களை வைத்து 1992இல் வெளியான ஓர் ஆய்வில், தங்கள் அணி தோற்பதைப் பார்த்த தீவிர ரசிகர்கள் அணியின் எதிர்காலத்தை மட்டுமல்ல, அடுத்து தாங்கள் செய்யப்போகும் சாதாரண வேலைகளில் தங்களுடைய திறமையையும் குறைவாகவே மதிப்பிட்டார்கள். திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போனது அப்படிக் குறைந்துபோன ஒருவர் என்று வைத்துக்கொண்டால், அங்கே நடந்தது உங்களுக்கே புரியும். அந்த இளையவரிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லிவிடுங்கள், அதை நீட்ட வேண்டாம்.

எரிச்சல் சனிக்கிழமையோடு நிற்பதில்லை என்பதற்கு இன்னும் உறைக்கும் சான்று லூசியானாவில் இருக்கிறது. அம்மாநிலச் சிறார் நீதிமன்றங்களின் தீர்ப்புகளை இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணி, வெல்லும் என்று எல்லோரும் நம்பிய ஆட்டத்தில் தோற்ற வாரங்களில், சிறுவர்களுக்கு விதிக்கப்பட்ட தண்டனைக் காலம் கூடியிருந்தது; அதிலும் அதே பல்கலைக்கழகத்தில் இளங்கலை படித்த நீதிபதிகளிடம்தான் அந்த ஏற்றம் குறிப்பாகத் தெரிந்தது. கறுப்பு அங்கி போட்டவர்களே தப்பவில்லை. எதிர்பார்த்த தோல்வி இப்படிச் செய்வதில்லை என்பதையும் கவனியுங்கள். தரவரிசையில் இல்லாத அணி, சொந்த மைதானம், பத்துப் புள்ளி முன்னிலை என்று உங்கள் கடிதம் அடுக்கிக்கொண்டே போவது, கையில் கிடைத்துவிட்டதாக நினைத்தது நழுவிய வலியைத்தான்.

அதனால்தான் நண்பர்களின் ஆறுதல் பலிக்கவில்லை. அவர்கள் சொல்வது உண்மை. அந்த ஆண்டு இறுதிப் போட்டியில் எதிரே நின்ற நோட்டர் டேமும் செப்டம்பரில் வடக்கு இல்லினாய் அணியிடம் சொந்த மைதானத்தில் 16–14 என்று தோற்றிருந்தது. ஆனால் கோப்பைக்கு இன்னும் வழி இருக்கிறது என்பது அணிக்குத்தான் ஆறுதல். உங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருப்பது கோப்பை அல்லவே.

கிக்கரிடம் வருகிறேன். நீங்கள் கொடுத்த ஸ்கோரை உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். டச்டவுனுக்கு ஆறு, அதன் பிறகு உதைக்கும் ஒரு புள்ளி. 17–7 என்றால் அவன் இரண்டு உபரிப் புள்ளிகளையும் ஒரு ஃபீல்டு கோலையும் எடுத்திருக்கிறான். மூன்றாவது குவார்ட்டரில் இன்னும் இரண்டு ஃபீல்டு கோல். ஆக, 23 புள்ளிகளில் 11 அவன் காலிலிருந்து வந்தவை. உங்கள் கடிதத்திலோ அவை மற்றவர்கள் 'டச்டவுன் எடுக்கத் துப்பில்லாமல்' திரும்பியதற்கான அடையாளமாக மட்டுமே இருக்கின்றன. கடைசி உதையிலும் அவன் தனியாள் இல்லை. பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் எறிபவர், மண்டியிட்டு அதைப் பிடித்து நிறுத்துபவர், உதைப்பவர் என்று மூவர், ஏறத்தாழ ஒன்றேகால் நொடிக்குள் முடிக்கும் வேலை அது. பந்து தாழ்வாக வந்ததை நீங்களே பார்த்திருக்கிறீர்கள், ஒப்புக்காக ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்தும் விட்டீர்கள். பணம் வாங்குகிறார்களே என்ற வாதத்துக்கு என் பதில் சுருக்கமானது. பணம் வாங்குபவரின் ஆட்டத்தை விமர்சிக்கலாம். இரவு பதினொரு மணிக்கு அவருடைய சட்டைப் பைக்குள் கையை விட்டு வசவை வைத்துவிட்டு வருவதற்கு அது உரிமம் ஆகாது. கல்லூரி வயதுப் பையன் அவன், உங்கள் மகனுக்கு அண்ணன் வயது.

பந்தயத்தை நாற்பது டாலர் என்று ஓர் ஓரத்தில் வைத்திருக்கிறீர்கள். 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கான தடையை நீக்கிய பிறகு பல மாநிலங்களில் அது போனுக்குள் வந்துவிட்டதால் அதை ஒரு பழக்கமாகவே யாரும் எண்ணுவதில்லை. தொகை எனக்கு முக்கியமில்லை. பந்தயம் கட்டிய பிறகு கிக்கர் நம் அணிப் பையன் அல்ல, நமக்குக் கடன்பட்டவன் ஆகிவிடுகிறான். இந்த சீசன் முடியும்வரை அதை மட்டும் நிறுத்திப் பாருங்கள். நிறுத்துவது கடினமாக இருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்போது நாம் பேச வேண்டியது வேறு விஷயம்.

மனைவியைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறீர்கள். தொழில்முறை ஃபுட்பாலை வைத்து 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, வெல்ல வேண்டிய உள்ளூர் அணி தோற்ற நாள்களில் வீட்டுக்குள் பெண்கள் மீது ஆண்கள் நடத்தும் வன்முறை சுமார் பத்து சதவீதம் கூடியதைக் கண்டது. உங்கள் வீட்டில் அப்படி என்று நான் சொல்லவில்லை. சுவரில் ஒரு பொருள் உடைந்தபோது அவர் பேசாமல் மாடிக்குப் போனது, முன்பே பழகிய பாதையா என்று மட்டும் அவரிடம் கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள், நடுவில் விளக்கம் சொல்லாதீர்கள்.

ஆட்டத்தை விட வேண்டியதில்லை. ஆறு வாரத் தனிமைக்குப் பிறகு யாரோ தூக்கிக் கட்டிப்பிடித்த அந்த மாணவன் இன்னும் உங்களுக்குள் இருக்கிறான். அணி தோற்கும்போது அந்த அணைப்பே பறிபோவதாக அவன் பயப்படுகிறான் என்பது என் ஊகம். சிக்கன் 65 தட்டை நீட்டும்போது அந்த அணைப்பைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள், அதற்கு ஸ்கோர் தேவைப்படவில்லை. போன் மட்டும் நான்காவது குவார்ட்டர் தொடங்கும்போது வேறு அறையில் இருக்கட்டும், ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரம் வரை அங்கேயே இருக்கட்டும். வாட்ஸ்அப் குழு அதுவரை தாங்கும்.

கிக்கருக்கு எழுதுவதானால் இரண்டு வரி போதும்: சனிக்கிழமை நான் அனுப்பியது தவறு, மன்னிக்கவும். உங்கள் மகனையோ மன உளைச்சலையோ அதில் சேர்க்காதீர்கள். உங்களைத் தேற்றும் வேலையையும் அவன் தலையில் வைக்க வேண்டாம். பதில் வராது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மகனிடம் பேசுவதை அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளாதீர்கள். அவன் கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. "படித்திருக்கலாம், எனக்குத் தெரியவில்லை. நான் அதை எழுதியிருக்கக் கூடாது" என்பதே அந்தப் பதில். அவன் பந்தைத் தொடாமல் இருப்பதற்குக் காரணம், தவறினால் அப்பா என்ன எழுதுவார் என்று பார்த்துவிட்டதுதான் என்று நினைக்கிறேன். இன்று மாலை பந்தை நீங்களே எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போங்கள். இந்த முறை பார்வையாளராக நிற்காமல், புல்லில் மண்டியிட்டுப் பந்தைப் பிடித்து நிறுத்துபவராக உட்காருங்கள். எந்தப் பக்கம் சாய்த்துப் பிடிப்பது, தையல் எந்தத் திசையைப் பார்த்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள்.