பிரான்ஸின் ஒயின் பகுதியில் ஒரு மாதம் தங்க எந்த ஊர் நல்லது?

கார் ஓட்டாமல் ஒரு மாதம் தங்க, கிழக்கு பிரான்ஸின் ஒயின் பகுதியான அல்சாஸில் எந்த ஊர் என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் கோல்மார் என்பேன். ஸ்ட்ராஸ்பூர்கிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். 1953இல் தொடங்கிய, 170 கிலோமீட்டர் நீளும் ஒயின் பாதை என்ற சுற்றுலாச் சாலையின் அழகான கிராமங்கள் பல பக்கத்திலேயே இருக்கின்றன. டூர்கைமுக்கு ரயிலே போகிறது. எகிஷைம் சைக்கிள் தூரம்தான். சுற்றுலாப் பேருந்துகள் கிளம்பிய பிறகு, மாலையில் அதன் வட்டத் தெருக்களில் நடந்து பாருங்கள். நீண்ட நாள் தங்குவதே இதற்காகத்தான்.

செப்டம்பர், அக்டோபர் அறுவடைக் காலம். அப்போது சிறு தயாரிப்பாளர்களுக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும்; ஒயின் சுவைக்கப் போவதென்றால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அப்புறம், விடுமுறை வீடுகளைப் பெரும்பாலும் சனி முதல் சனி வரை வாரக் கணக்கில்தான் தருவார்கள். ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே காய்கறி வாங்கி வையுங்கள்.