விஷமுறிவு ஊசி போட்டும் பாதம் ஏன் கறுக்குது?

"அப்பாவுக்கு நல்ல பாம்பு பாதத்துல கடிச்சு எட்டு நாள் ஆச்சு, ஊசி போட்டு பிழைச்சு வீட்டுக்கு வந்துட்டாரு, ஆனா கடிவாய சுத்தி தோல் கறுத்து நாத்தம் அடிக்குது, மறுபடி விஷமுறிவு ஊசி போடணுமா?"ன்னு ஒரு தம்பி கேட்டிருக்கார்.

வேண்டாம் தம்பி. அந்த ஊசி ரத்தத்துல ஓடுற விஷத்தைத்தான் பிடிக்கும். செத்த சதைக்கு எத்தனை பாட்டில் ஏத்துனாலும் உயிர் வராது. இது இப்ப சர்ஜன் பார்க்க வேண்டிய புண்ணு, நாளைக்கே கூட்டிட்டுப் போங்க. வெளிய உள்ளங்கை அளவுதான் கறுப்பா தெரியும், ஓரத்த தூக்கிப் பார்த்தா உள்ள சாம்பல் நிறத்துல கொழகொழன்னு ரெண்டு விரல் தூரம் தள்ளிப் போயிருக்கும். ரத்தம் கசியுற சிவப்பு சதை தெரியுற வரைக்கும் அதை வெட்டி எடுக்கணும், ரெண்டு மூணு தடவை கூட ஆகலாம், நல்ல சதை வளர்ந்ததும் தொடையிலருந்து தோல் எடுத்து ஒட்டுவாங்க.

பச்சிலை, பொடின்னு எவனாவது வந்தா வாசலோட அனுப்பிடுங்க. மேல பக்கு கட்டி ஆறின மாதிரி காட்டும், அடியில சீழ் எலும்பு வரைக்கும் இறங்கிடும். அதேமாதிரி கமிஷனுக்கு ஆள் பிடிக்கிற புரோக்கர் "காலை எடுத்தாகணும், நான் இடம் சொல்றேன்"ம்பான். ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் பார்க்காம எதுலயும் கையெழுத்து போடாதீங்க.

வீக்கத்தைப் பார்த்ததும், உள்ள ஏறின அழுத்தத்தைக் குறைக்கணும்னு காலை நீளமா கீறி விடச் சொல்றவங்களும் உண்டு. பாம்புக்கடில கால் கல்லு மாதிரி வீங்கினாலும் பெரும்பாலும் உள்ள தசைல அழுத்தம் ஏறி இருக்காது. நிஜமாவே ஏறுறது அபூர்வம், அதை ஊசி வச்சு அளந்து பார்த்துதான் முடிவு பண்ணனும், கண்ணால பார்த்து இல்ல. அதுவும் விரியன் கடின்னா ரத்தம் உறையுதான்னு கண்ணாடி டியூப்ல 20 நிமிஷம் வச்சுப் பார்க்காம கத்திய எடுத்தா ரத்தம் நிக்காது. உங்க அப்பாவுக்கு அந்தக் கட்டம் தாண்டியாச்சு, ஆனா இந்தக் கீறலால கெட்டுப்போன கால்களைப் பார்த்துப் பார்த்து வெறுத்துட்டேன், அதான் சொல்றேன்.

உலகத்துல வருஷத்துக்கு 81,000லருந்து 1,38,000 பேர் வரைக்கும் பாம்புக்கடில சாகுறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, கை கால் இழந்தோ ஊனமாவோ ஆகுறவங்க அதுல மூணு மடங்கு. அப்படியிருந்தும் உயிர் தப்பிச்சா வேலை முடிஞ்சதுன்னு டிஸ்சார்ஜ் சீட்டு எழுதிடுறாங்க, புண்ணைப் பத்தி ஒரு வரி இருக்காது. இது என்ன வைத்தியம்?

காய்ச்சல் வந்தாலோ சிவப்பு கணுக்காலுக்கு மேல ஏறினாலோ நாளைக்கு வரைக்கும் காத்திருக்காதீங்க, ராத்திரியே கிளம்புங்க. சுகர் டெஸ்ட், டெட்டனஸ் ஊசி ரெண்டையும் கேட்டுப் பண்ணிக்கோங்க. படுத்திருக்கும்போது பாதம் கீழ தொங்காம நிமிர்ந்து நிக்கிற மாதிரி பின்னாடி பட்டை வச்சுக் கட்டச் சொல்லுங்க, இல்லன்னா குதிகால் தசைநார் சுருங்கி, புண்ணு ஆறின பிறகும் அப்பா நுனிக்கால்லதான் நடப்பாரு.