பெருந்தொற்று நேரத்தில் பள்ளிக்கூடம் திறந்திருக்கலாமா? கேள்விகளும் பதில்களும்

பெருந்தொற்றுச் சமயத்தில் பள்ளிக்கூடங்களைத் திறந்து வைப்பது பாதுகாப்பானதா என்று பெற்றோர், ஆசிரியர், மாணவர் எனப் பலரும் கேட்டிருந்தீர்கள். தொற்றுநோய் எப்படிப் பரவுகிறது என்று ஆராய்வதும், தடுக்க வழி சொல்வதும்தான் என் வேலை. கொரோனா ஆண்டுகளில் பள்ளிகளுக்குள் போய் நேரில் பார்த்ததையும், அப்போது பல நாடுகளில் தெரியவந்ததையும் வைத்துப் பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் டாக்டர். அனுப்பலாமா, கூடாதா?

பெரும்பாலான நேரம் அனுப்பலாம். ஆனால் முதலில் மூன்று விஷயம் விசாரியுங்கள். இந்த நோய் எந்த வயதினரைக் கடுமையாகத் தாக்குகிறது? ஊரில் இப்போது எவ்வளவு பரவியிருக்கிறது? பிள்ளை உட்காரும் அறையில் காற்று மாறுகிறதா? முதல் இரண்டையும் எல்லோரும் கேட்கிறார்கள். மூன்றாவதைக் கேட்பவர்கள் குறைவு. பள்ளி நிர்வாகம் நினைத்தால் நாளைக் காலையே சரிசெய்யக்கூடியது அது ஒன்றுதான்.

கொரோனாவைப் பொறுத்தவரை, ஆரோக்கியமான குழந்தைகளுக்கு உயிராபத்து மிகக் குறைவாகவே இருந்தது. வயது கூடக் கூட ஆபத்தும் கூடியது. மிகச் சில குழந்தைகளுக்குத் தொற்று வந்து 2 முதல் 6 வாரம் கழித்து உடலின் பல உறுப்புகளில் அழற்சி வந்தது. காய்ச்சலோடு கண் சிவப்பு, தோலில் தடிப்பு, வயிற்றுவலி எல்லாம் சேர்ந்து வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அரிது என்றாலும் பெற்றோர் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விஷயம்.

ஒரு தாத்தா: கொள்ளை நோய் வந்தால் முதல் வேலையாகப் பள்ளியை மூடுவதுதானே அம்மா வழக்கம்? இப்போது ஏன் இவ்வளவு விவாதம்?

எல்லா இடத்திலும் அப்படி நடக்கவில்லை ஐயா. 1918-ல் இன்ஃப்ளூயன்சா உலகத்தையே உலுக்கியபோது அமெரிக்காவில் பெரும்பாலான நகரங்கள் பள்ளிகளை மூடின. நியூயார்க், சிகாகோ, நியூ ஹேவன் ஆகிய நகரங்கள் மூடவில்லை. அப்போது நியூயார்க்கின் சுகாதார ஆணையர் ராயல் கோப்லாண்ட். நெருக்கடியான குடியிருப்புகளில், வெளிச்சமும் காற்றும் இல்லாத வீடுகளில் அடைந்து கிடப்பதைவிட, பெரிய ஜன்னல் வைத்த பள்ளியில், தினமும் பரிசோதிக்கும் ஆசிரியர், நர்ஸ் கண்பார்வையில் பிள்ளைகள் இருப்பது மேல் என்பது அவருடைய வாதம். அந்த நகரத்துப் பள்ளிகளில் மருத்துவரும் நர்ஸும் ஏற்கெனவே இருந்ததால்தான் அவரால் அப்படிச் சொல்ல முடிந்தது. அந்த ஏற்பாடு இல்லாத ஊர் அவரைப் பார்த்துத் திறந்து வைத்திருந்தால் சரியாக வந்திருக்காது.

அதற்கும் முன்னால், காசநோய்க்குப் பயந்த காலத்தில், 1904-ல் ஜெர்மனியின் ஷார்லோட்டன்பர்க்கில் திறந்தவெளிப் பள்ளி தொடங்கினார்கள். அந்த யோசனை பல நாடுகளுக்குப் பரவியது. நூறு ஆண்டுக்கு முன்பே காற்றின் அருமை தெரிந்திருக்கிறது. நடுவில்தான் நாம் ஜன்னல்களை அடைத்துக்கொண்டோம்.

ஓர் ஆசிரியை: பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எங்களைப் பற்றி யாராவது யோசித்தார்களா மேடம்?

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இதற்கு ஸ்வீடனில் நல்ல சான்று கிடைத்தது. 2020 வசந்தத்தில் அங்கே 16 வயதுக்கு மேற்பட்ட மாணவர்களுக்கு ஆன்லைன் வகுப்பு. அதற்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பள்ளி வழக்கம்போல் நடந்தது. அதனால் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான இரண்டு கூட்டத்தை ஒப்பிட முடிந்தது. திறந்திருந்த பள்ளிகளின் பெற்றோருக்குத் தொற்று கொஞ்சம்தான் அதிகம். ஆனால் வகுப்பறைக்கு நேரில் போன ஆசிரியர்களுக்கு, வீட்டிலிருந்து பாடம் நடத்தியவர்களைவிட ஏறக்குறைய 2 மடங்கு தொற்று வந்தது. அங்கே அப்போது மாஸ்க் கட்டாயம் இல்லை. ஆக, திறந்து வைத்ததன் சுமை அதிகமாக விழுந்தது ஆசிரியர்கள் மீதுதான்.

பள்ளி திறந்திருக்க வேண்டும் என்று சொல்பவள் நான். அதனாலேயே இதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்: தடுப்பூசி வந்தால் ஆசிரியர்களுக்கும், ஆயாக்களுக்கும், வேன் ஓட்டுநர்களுக்கும் முன்வரிசையில் இடம் கொடுக்க வேண்டும். சர்க்கரை, இதய நோய் உள்ள மூத்த ஆசிரியருக்கு நேரடி வகுப்பு இல்லாத வேலை கொடுக்க வேண்டும். காய்ச்சல் என்றால் சம்பளத்தோடு விடுப்பு. சம்பளம் பிடிப்பார்கள் என்று பயந்து மாத்திரை போட்டுக்கொண்டு வருகிற ஒருவர் போதும், மற்ற எல்லா ஏற்பாடும் வீணாகிவிடும்.

இன்னொன்று, ஸ்டாஃப் ரூம். 2020 கோடையில் இங்கிலாந்துப் பள்ளிகளில் ஏற்பட்ட பரவல்களைப் பார்த்தபோது, மாணவர்களுக்குள் பரவியதைவிட ஊழியர்களுக்குள் பரவியதே அதிகம். வகுப்பில் நாள் முழுக்க மாஸ்க் போட்டுக்கொண்டு கவனமாக இருந்துவிட்டு, மதியம் ஒரு சின்ன அறையில் பத்துப் பேர் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டே பேசுகிறோம். வராந்தாவிலோ மரத்தடியிலோ சாப்பிடுங்கள். முடியாவிட்டால் இரண்டு பந்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு தலைமை ஆசிரியர்: ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள். புதுக் கட்டடத்துக்கு நிதி கிடையாது. நான் என்னதான் செய்ய முடியும்?

நிறையச் செய்யலாம் சார். இந்தக் கேள்விக்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல ஆசை.

கொரோனா, ஃப்ளூ போன்ற கிருமிகள் மூச்சிலும் பேச்சிலும் வெளிவரும் நுண்துளிகளில் மிதக்கின்றன. சிகரெட் புகை எப்படி அறையெங்கும் பரவித் தங்குமோ அப்படித்தான் இதுவும். கண்ணுக்குத் தெரியாது என்பதால் அளக்க ஒரு வழி வேண்டும். அதற்குக் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் போதும். வெளிக்காற்றில் அந்த வாயு சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு. நாம் விடும் மூச்சில் சுமார் 40,000 பிபிஎம். எனவே அறையில் அளவு ஏறுகிறது என்றால், ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுக்கிறார் என்று பொருள்.

ஒரு பள்ளியில் பாடம் நடக்கும்போது பின்வரிசை மேசையில் மீட்டரை வைத்தேன். 40 பிள்ளைகள், ஏசிக்காக ஜன்னல் கதவு எல்லாம் அடைப்பு. மணி அடித்தபோது 600 காட்டியது. அரை மணியில் 2,000-ஐத் தாண்டிவிட்டது. கணக்குப் போட்டால், பிள்ளை இழுக்கும் 100 மூச்சில் 4 மூச்சு அளவுக்கு அந்த அறையில் யாரோ ஏற்கெனவே விட்ட காற்று. பின்பக்க ஜன்னல்களையும் எதிர்ப்பக்கக் கதவையும் திறக்கச் சொன்னேன். பத்து நிமிடத்தில் 1,000-க்குக் கீழே வந்தது. ஒரு காசு செலவாகவில்லை. 800-க்குள் வைத்திருக்கப் பாருங்கள். எல்லா வகுப்புக்கும் மீட்டர் வேண்டாம், ஒன்றையே அறை அறையாகக் கொண்டுபோய்ப் பாருங்கள்.

திறக்கும்போது எதிரெதிரே இரண்டு பக்கம் திறக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று உள்ளே வரத் தயங்கும். சீலிங் ஃபேன் இருக்கிற காற்றையே சுற்றிவிடும், புதுக் காற்றைக் கொண்டுவராது. ஒரு ஃபேனை வெளியே பார்த்து ஜன்னலில் வைத்தால் உள்ளே இருப்பதைத் தள்ளிவிடும். ஏசி அறையாக இருந்தால், அந்த ஏசி வெளிக்காற்றை எடுக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். சுவரில் மாட்டும் சாதாரண ஏசிகளில் பெரும்பாலானவை எடுப்பதில்லை.

ஜன்னலே திறக்க முடியாத அறைக்குக் காற்றைச் சுத்தம் செய்யும் வடிகட்டி வைக்கலாம். அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2023-ல் சொன்ன இலக்கு, மணிக்கு 5 முறை அறைக்காற்று சுத்தமாக வேண்டும் என்பது. 8 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள வகுப்பறை என்றால் 168 கனமீட்டர். அதை 5 முறை என்றால் மணிக்கு 840 கனமீட்டர். வீட்டுப் படுக்கையறைக்கு விற்கும் சின்னக் கருவி ஒன்றை மூலையில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும். 2020-ல் ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசந்தால் என்ற இருவர், நான்கு வடிகட்டிகளைப் பெட்டிபோல் ஒட்டி மேலே ஒரு ஃபேன் வைக்கும் எளிய முறையைக் காட்டினார்கள். பல பள்ளிகளில் மாணவர்களே அதைச் செய்து வைத்தார்கள். ஒரு விஷயம்: வடிகட்டி கிருமியைப் பிடிக்கும், கார்பன் டை ஆக்சைடைக் குறைக்காது. வடிகட்டி ஓடும் அறையில் மீட்டரின் எண்ணைப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

காற்றோட்டத்தால் நிஜமாகவே பலன் உண்டா என்றால், உண்டு. 2020-ன் இறுதியில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 169 தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்தார்கள். காற்றோட்டத்தைச் சரிசெய்த பள்ளிகளில் தொற்று 39 சதவீதம் குறைவாக இருந்தது. காற்றோட்டத்தோடு வடிகட்டியும் சேர்ந்த இடங்களில் 48 சதவீதம்.

ஓர் அப்பா: வாசலில் காய்ச்சல் பார்ப்பது, கிருமிநாசினி தெளிப்பது, மேசைக்கு மேசை பிளாஸ்டிக் தடுப்பு... இவையெல்லாம்?

மனத்திருப்திக்குச் செய்வதுதான் அதிகம். கொரோனாவில் அறிகுறி தெரிவதற்கு முன்பே பரவல் தொடங்கிவிடும். பல பிள்ளைகளுக்குக் காய்ச்சலே வராது. புகைபோலக் கிருமிநாசினி அடிப்பதை உலக சுகாதார நிறுவனம் 2020-லேயே வேண்டாம் என்றது. ஆட்கள் மீது தெளிப்பது கெடுதல். பிளாஸ்டிக் தடுப்புகள் காற்று ஓடுவதையே தடுக்கலாம். கை கழுவுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள், வயிற்றுப்போக்கு முதல் பல நோய்களுக்கு அது நல்லது.

ஒரு பாட்டி: சின்னப் பிள்ளைகள் நாள் முழுக்க மாஸ்க் போட்டுக்கொண்டிருக்க வேண்டுமா?

5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வேண்டாம் அம்மா. பெரிய பிள்ளைகளுக்கு, ஊரில் பரவல் அதிகமாக இருக்கும் வாரங்களில் போடலாம், மைதானத்தில் கழற்றிவிடலாம். மேலே சொன்ன ஜார்ஜியா ஆய்வில் ஆசிரியர்களும் ஊழியர்களும் கட்டாயம் மாஸ்க் அணிந்த பள்ளிகளில் தொற்று 37 சதவீதம் குறைவு. மாணவர்களுக்குக் கட்டாயமாக்கியதன் பலன் அந்த அளவுக்கு உறுதிப்படவில்லை. எனவே பெரியவர்கள் முதலில், நன்றாகப் பொருந்தும் மாஸ்க்காகப் போடட்டும். பேச்சு வராத, காது கேளாத பிள்ளைகளுக்கு ஆசிரியரின் உதடு தெரிய வேண்டும். அங்கே விதியைத் தளர்த்தித்தான் ஆக வேண்டும்.

ஒரு மாமா: இஸ்ரேலில் பள்ளியைத் திறந்ததும் பரவிவிட்டதே?

ஆமாம், 2020 மே மாதம், ஜெருசலேமில் ஓர் உயர்நிலைப் பள்ளியில். முழுமையாகத் திறந்து பத்து நாளுக்குள் தொற்று தெரிந்தது. 153 மாணவர்கள், 25 ஊழியர்களுக்கு உறுதியானது. எப்படி நடந்தது என்று பாருங்கள். ஒரு வகுப்பில் 35-க்கும் மேற்பட்டவர்கள். கடும் வெயில் என்று மூன்று நாளுக்கு மாஸ்க்கிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். ஏசி ஓடிக்கொண்டே இருந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு டென்மார்க்கில் சின்னப் பிள்ளைகளை மட்டும் முதலில் வரவழைத்தார்கள். சிறு குழுக்களாகப் பிரித்து, முடிந்தவரை வெளியிலேயே வகுப்பு நடத்தினார்கள். அங்கே அப்படி வெடிக்கவில்லை. திறந்ததற்கும் திறந்த விதத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது.

ஓர் அம்மா: வகுப்பில் ஒரு பிள்ளைக்குத் தொற்று என்றால் மொத்தப் பள்ளியையும் இரண்டு வாரம் மூடுகிறார்கள். அது அவசியமா?

பரிசோதனைக் கருவி கிடைக்கும்போது அவசியமில்லை. 2021-ல் இங்கிலாந்தில் 201 பள்ளிகளில் சோதித்துப் பார்த்தார்கள். பாதிப் பள்ளிகளில், தொடர்பில் இருந்த பிள்ளைகள் வீட்டில் தனிமைப்பட்டார்கள். மறுபாதியில் தினமும் ஒரு விரைவுப் பரிசோதனை செய்து, இல்லை என்று வந்தால் வகுப்புக்கு வந்தார்கள். இரண்டு பக்கமும் பரவல் கிட்டத்தட்ட ஒன்றுதான். தொற்று வந்த பிள்ளையின் பெயர் வகுப்பில் கசியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளையைக் கேலி செய்துவிட்டால், அடுத்த பெற்றோர் மறைத்துவிடுவார்கள்.

ஓர் இளைஞர்: சில மாதம் மூடினால் குடியா முழுகிவிடும்? ஆன்லைன் வகுப்பு இருக்கிறதே.

நெதர்லாந்தில் 2020-ல் 8 வாரம்தான் தொடக்கப் பள்ளிகளை மூடினார்கள். ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இணையம் உள்ள நாடு. அப்படியும் தேர்வு வைத்துப் பார்த்தபோது, மூடியிருந்த காலத்தில் பிள்ளைகள் புதிதாக எதுவும் கற்றதாகவே தெரியவில்லை. பெற்றோர் அதிகம் படிக்காத வீடுகளில் இழப்பு 60 சதவீதம் வரை கூடுதல். உலகத்தில் 3 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு வீட்டில் இணையமே இல்லை என்று யுனிசெஃப் அப்போது சொன்னது. உகாண்டாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் 2022 ஜனவரியில்தான் முழுமையாகத் திறந்தன. திறந்தபோது பலர் திரும்பி வரவில்லை. சிலர் வேலைக்குப் போயிருந்தார்கள், சில பெண் பிள்ளைகள் தாயாகியிருந்தார்கள்.

உலகெங்கும் சுமார் 37 கோடிப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சாப்பாடு நின்றுபோனது. வீட்டில் அடிபடும் பிள்ளையின் காயத்தை முதலில் கவனிப்பது பெரும்பாலும் ஆசிரியர்தான். அந்தக் கண்ணும் இல்லாமல் போனது. இந்த நஷ்டம் எதுவும் அன்றாடத் தொற்று எண்ணிக்கைப் பட்டியலில் வராது. அதனால்தான் பலருக்குத் தெரிவதில்லை.

ஒரு கல்வி அதிகாரி: அப்படியானால் மூடவே கூடாது என்கிறீர்களா?

இல்லை. புது நோய், யாரைத் தாக்கும் என்றே தெரியாத முதல் சில வாரங்கள் மூடுவதை நான் ஆதரிப்பேன். அடுத்து வருவது ஃப்ளூ வகையாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஃப்ளூவைப் பிள்ளைகள் நன்றாகவே பரப்புவார்கள், 1918-ல் இளம் வயதினரும் நிறைய இறந்தார்கள். ஆஸ்பத்திரியில் படுக்கை தீரும் நிலை வந்தாலும் மூடலாம். ஆனால் மற்றவற்றை எல்லாம் மூடிய பிறகுதான் பள்ளி. மதுக்கூடமும் கேளிக்கை அரங்கும் திறந்திருக்கப் பள்ளியைப் பூட்டுவதை என்னால் ஏற்க முடியாது. மூடும் உத்தரவிலேயே, என்ன நடந்தால் திறப்போம், எந்தத் தேதியில் மறுபடி பரிசீலிப்போம் என்று எழுதுங்கள். அப்புறம், மூடியிருக்கும் வாரங்களில் ஜன்னல் கொக்கிகளைச் சரிசெய்யுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவன்: அம்மாவுக்குப் புற்றுநோய் சிகிச்சை நடக்கிறது. நான் பள்ளிக்குப் போனால் அவருக்குத் தொற்று வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

தம்பி, இதை நீ தனியாக முடிவு செய்ய வேண்டியதில்லை. அம்மாவின் மருத்துவரிடம், வெள்ளை அணுக்கள் மிகவும் குறையும் வாரங்கள் எவை என்று கேள். அந்த வாரங்களில் பரவலும் அதிகமாக இருந்தால் வீட்டிலிருந்து படிக்க அனுமதி கேட்டு அப்பா ஒரு கடிதம் கொடுக்கட்டும். அந்த அனுமதியைக் கொடுக்க வேண்டியது பள்ளியின் கடமை. மற்ற வாரங்களில் போகலாம். என்95 மாஸ்க் போட்டுக்கொள், ஜன்னலோர இடம் கேள், வேனில் ஜன்னலைத் திறந்து வை. வீட்டில் எல்லோரும் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். தொண்டை லேசாகக் கரகரத்தாலும் அன்றைக்கு அம்மாவின் அறைக்கு வெளியே இருந்து பேசு. இவ்வளவு செய்தும் அவருக்குத் தொற்று வந்தால், அது உன்னால்தான் என்று ஆகாது. வீட்டுக்கு வருகிற யாரிடமிருந்தும் வரலாம். அப்படி வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கொரோனா, ஃப்ளூ இரண்டுக்கும் மருந்து உண்டு, ஆரம்ப நாட்களில் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும்.